பால் பிரெட் சொதப்பினால் எங்கே பார்ப்பது?

என் போனில் கேலரியைத் திறந்தால் பாதிக்குப் பாதி அடுத்தவர் வீட்டு பிரெட்தான். நடுவில் குழி விழுந்தது, இடுப்பு ஒடிந்தது, மேலே கரி பிடித்து உள்ளே களியாய் இருப்பது. அனுப்புகிறவர் நாத்தனாராக இருக்கும், மாடி வீட்டு அக்காவாக இருக்கும், குன்னூரில் வாழ்க்கைப்பட்ட சித்தி மகளாக இருக்கும். கூடவே வரும் கேள்வி மட்டும் மாறாது: “ஈஸ்ட் சரியில்லையோ?”

ஈஸ்ட் பாவம். பெரும்பாலும் அதன் மேல் குற்றமே இருக்காது. பாலை எப்போது அளந்தீர்கள், அடுக்களை எவ்வளவு சூடு, ஓடிஜி (பிரெட் சுடும் மின்சார அடுப்பு) குமிழ் எங்கே நிற்கிறது என்று மூன்று கேள்வி கேட்டாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும். நான் திருச்சியில் 28 லிட்டர் ஓடிஜியில் வாரத்துக்கு இரண்டு தடவை பிரெட் போடுகிறேன். போனில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் பிரெட்டுக்கு என்ன கேடு வந்ததோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள்.

அதற்கு முன் என் அளவு. மொத்தம் 300 கிராம் மைதா. அதில் 20 கிராமை 100 மில்லி பாலில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறி, கரண்டி போன தடம் பாத்திரத்தில் தெரியும்வரை காய்ச்சி இறக்கிக்கொள்ள வேண்டும். இதற்கு டாங்ஜோங் என்று சீனப் பெயர். ஜப்பானில் கொதிக்கும் தண்ணீரை மாவில் ஊற்றிப் பிசைந்து வைக்கும் யூதானே என்ற முறையும் உண்டு. டாங்ஜோங்குக்கு எங்கள் வீட்டில் வெறும் கஞ்சி என்றுதான் பெயர். மீதி 280 கிராம் மைதாவோடு இந்தக் கஞ்சி, இன்னும் 110 மில்லி பால், சர்க்கரை 35 கிராம், பால் பவுடர் 15 கிராம், உப்பு 5 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 4 கிராம் (ஒன்றேகால் டீஸ்பூன்), உப்பில்லாத வெண்ணெய் 35 கிராம். ஒன்றரை லிட்டர் தண்ணீர் பிடிக்கும் டின். 180 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம்.

கப் கணக்கில் செய்கிறவர்கள் முதலில் ஒரு தராசு வாங்கிவிடுங்கள். ஒரே கப்பில் தூவி நிரப்பினால் மைதா 120 கிராம், அழுத்தி அள்ளினால் 150 கிராம். 30 கிராம் வித்தியாசத்தை வைத்துக்கொண்டு எந்தக் கோளாறையும் கண்டுபிடிக்க முடியாது. இன்னொன்று, ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பாலையும் கூட்டி, ஈஸ்ட்டையும் மாற்றி, டின்னையும் மாற்றினால், நன்றாக வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாமல் போகும்.

## மாவு உப்பவே இல்லை, கல் மாதிரி கிடக்கிறது

ஒரு மணி நேரம்தான் ஆகிறதா? அப்படியானால் காத்திருங்கள். குன்னூரில் டிசம்பர் ராத்திரியில் பிசைந்த மாவு இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொண்டாலும் அதில் தப்பில்லை. சித்தி மகள் இப்போது ஓடிஜிக்குள் விளக்கை மட்டும் போட்டு, பக்கத்தில் ஒரு டம்ளர் வெந்நீர் வைத்து, மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்து மூடிவிடுகிறாள். விளக்கு இல்லாத ஓடிஜியில் வெந்நீர் மட்டும் போதும், அரை மணிக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும்.

கஞ்சி ஆறியிருந்ததா? அதிகம் மாட்டுகிற இடம் இது. கஞ்சி மேலே ஆறின மாதிரி இருக்கும், நடுவில் கொதித்துக்கொண்டிருக்கும். 55, 60 டிகிரி தொட்டால் ஈஸ்ட் செத்துவிடும். நடு மத்தியில் விரலை விட்டுப் பாருங்கள். குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீரைவிடச் சூடாக இருந்தால் இன்னும் பொறுங்கள். தட்டில் பரப்பி வைத்தால் பத்து நிமிடத்தில் ஆறிவிடும்.

ஈஸ்ட்டுக்கு உயிர் இருக்கிறதா? அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு டீஸ்பூன் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் ஈஸ்ட். பத்து நிமிடத்தில் நுரை தொப்பி மாதிரி எழும்ப வேண்டும். ஓரத்தில் நாலு குமிழி மட்டும் வந்தால் குப்பைக்குப் போகட்டும். பாக்கெட்டைப் பிரித்தபின் ஈரம் படாத சின்ன டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். அடுப்புக்கு மேல் அலமாரியில் மஞ்சள்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தால் வெயில் காலத்தில் ஒரு மாதம் கூடத் தாங்காது. பெரிய உருண்டை மணிகளாக இருந்தால் அது ஆக்டிவ் டிரை ஈஸ்ட், தண்ணீரில் ஊறவைத்துத்தான் போட வேண்டும். ரவையைவிடப் பொடியாக இருப்பது இன்ஸ்டன்ட், நேராக மாவில் கலக்கலாம்.

சர்க்கரையைக் கூட்டினீர்களா? “பிள்ளைகளுக்குத் தித்திப்பாக இருக்கட்டும்” என்று 35 கிராமை 70 ஆக்கினால் ஈஸ்ட் திணறும். பத்துப் பங்கு மாவுக்கு ஒரு பங்கைத் தாண்டினாலே வேகம் குறையத் தொடங்கிவிடும். இனிப்பு வேண்டுமென்றால் மேலே ஜாம் தடவிக்கொள்ளுங்கள்.

ஈஸ்ட் செத்ததுதான் காரணம் என்று உறுதியானாலும் மாவைத் தூக்கிப் போடாதீர்கள். புதிதாக ஒரு டீஸ்பூன் ஈஸ்ட்டை ஒரு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான பாலில் நுரைக்க வைத்து அதே மாவில் பிசைந்து சேர்க்கலாம். முதலில் கொழகொழவென்று வழுக்கும், ஐந்து நிமிடத்தில் இழுத்துக்கொள்ளும்.

## மாவு கையை விடமாட்டேன் என்கிறது

இது கேடு என்றே சொல்ல முடியாது. பால் பிரெட் மாவு முதல் பத்து நிமிடம் ஒட்டத்தான் ஒட்டும். சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கைக்கு அது பொறுக்காது, உடனே ஒரு பிடி மைதாவைத் தூவும். அந்த ஒரு பிடிதான் மறுநாள் பிரெட்டைக் கட்டையாக்குகிறது. தூவாதீர்கள். பாத்திரத்தை மூடிவிட்டு 20 நிமிடம் வேறு வேலை பாருங்கள். திரும்பி வரும்போது பாதி ஒட்டல் போயிருக்கும். கையில் மாவுக்குப் பதில் இரண்டு சொட்டு எண்ணெய் தடவிக்கொண்டு தொடருங்கள்.

அதற்குப் பிறகும் ஒட்டினால் வரிசையாகப் பாருங்கள்.

வெண்ணெயை எப்போது சேர்த்தீர்கள்? முதலிலேயே போட்டால் மாவு இழுவை பிடிக்க ரொம்ப நேரமாகும். மாவு ஓரளவு திரண்டபின், ஐந்தாறு துண்டாக, ஒன்று மறைந்தபின் அடுத்தது. ஒவ்வொரு துண்டுக்கும் மாவு கிழிந்து, நாசமாய்ப் போனது போலத் தோன்றி, பிறகு ஒன்று சேரும்.

எவ்வளவு நேரம் பிசைந்தீர்கள்? கையால் என்றால் மொத்தம் 15 முதல் 20 நிமிடம். ஒரு சின்ன உருண்டையைக் கிள்ளி, நாலு விரலாலும் மெதுவாக விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். கிழியாமல் சவ்வு மாதிரி விரிந்து, அதன் வழியே விரல் நிழல் தெரிந்தால் போதும். கிழிந்தால், ஓட்டையின் விளிம்பைப் பாருங்கள். ரம்பப் பல் மாதிரி இருந்தால் இன்னும் ஐந்து நிமிடம். வழவழவென்று வட்டமாக இருந்தால் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். கை வலிக்கிறவர்கள், டேபிள் டாப் கிரைண்டரோடு வரும் மாவு பிசையும் குழவி சும்மா கிடந்தால் எடுத்துப் பயன்படுத்துங்கள், இந்த அளவு மாவுக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது. மிக்ஸி ஜாரில் பிசைந்தால் இரண்டு நிமிடத்தில் மாவு சூடேறிக் கொழகொழத்துவிடும். அரை நிமிடம் ஓட்டி நிறுத்தி நிறுத்திச் செய்ய வேண்டும்.

பாலைக் காய்ச்சினீர்களா? காய்ச்சாத பாலில் பிசைந்த மாவு இழுவை குறைந்து தளர்ந்துபோகும். பாக்கெட் பாலும் அப்படித்தான். அதைப் பதப்படுத்திய சூடு இதற்குப் போதாது. பொங்கக் காய்ச்சி, ஆறவைத்து, ஆடையை எடுத்துவிட்டு அதன் பிறகு அளக்க வேண்டும். காய்ச்சுவதற்கு முன் அளந்தால் ஆவியில் போனதும் ஆடையில் போனதும் கணக்கில் வராது, மாவு வறண்டுவிடும். மாடி வீட்டு அக்காவுக்கு மூன்று மாதமாக வந்த கட்டை பிரெட்டுக்குக் காரணம் இது ஒன்றுதான். கஞ்சியையும் காய்ச்சி முடித்து எடை போடுங்கள். 100 முதல் 110 கிராம் இருக்க வேண்டும். 90க்கு வந்திருந்தால் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு பாலை ஊற்றிச் சரிக்கட்டலாம்.

கடைசியாகத்தான் மைதா. பாக்கெட்டின் பின்னால் சத்துப் பட்டியலில் 100 கிராமுக்குப் புரதம் எவ்வளவு என்று இருக்கும். 10 கிராமுக்கு மேல் இருந்தால் கவலையில்லை. 8, 9 என்றிருந்தால் கேக்குக்கு நல்லது, பிரெட்டுக்கு நோஞ்சான். பிராண்டை மாற்றுங்கள், அல்லது பேக்கரி சாமான் கடையில் கிடைக்கும் குளூட்டன் பொடியை 300 கிராமுக்கு இரண்டு டீஸ்பூன் சேருங்கள். இதுதான் இந்தப் பட்டியலில் காசு செலவாகிற வழி, அதனால்தான் கடைசியில் வைத்தேன். மைதா வேண்டாம், முழுக் கோதுமை மாவு என்கிறவர்கள் கால் பங்கில் தொடங்குங்கள். முழுக்க மாற்றினால் அது வேறு பிரெட், இந்த வழிமுறை அதற்குப் பொருந்தாது.

## டின்னில் அழகாக எழும்பியது, அடுப்பில் வைத்ததும் உட்கார்ந்துவிட்டது

திருச்சி, மதுரை, வேலூர் பக்கத்துக்காரர்களுக்கு ஏப்ரல் முதல் ஜூலை வரை வருகிற முதல் வியாதி இது. மாவு அளவுக்கு மீறிப் பொங்கிவிட்டது. இட்லி மாவு ராத்திரி பொங்கி வழிந்து காலையில் அமுங்கிக் கிடக்குமே, அதே கதை.

செய்முறைகளில் “ஒரு மணி நேரம் வைக்கவும்” என்று எழுதியிருப்பார்கள். அந்த அடுக்களை 25 டிகிரியில் இருந்திருக்கும். மே மாதம் என் அடுக்களை 35 டிகிரி. முதல் பொங்கல் 40 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது, டின்னில் இரண்டாவது பொங்கல் அதைவிடச் சீக்கிரம். அதனால் கடிகாரத்தைக் கணக்கில் எடுக்காமல் மாவின் மேல் கண் வையுங்கள்.

சோதனை சுலபம். ஆள்காட்டி விரலில் மாவு தொட்டு, டின்னில் இருக்கும் மாவின் ஓரத்தில் அரை அங்குலம் அழுத்தி எடுங்கள். குழி உடனே துள்ளி மூடிக்கொண்டால் இன்னும் நேரம் இருக்கிறது. மெதுவாக, பாதிக்கு மட்டும் மீண்டு வந்தால் இதோ அடுப்புக்கு நேரம். குழி அப்படியே நின்றால், அல்லது குத்தின இடத்தைச் சுற்றிப் பெருமூச்சு விட்ட மாதிரி அமுங்கினால், தாண்டிவிட்டது.

தாண்டிவிட்டால் அப்படியே சுடாதீர்கள். டின்னிலிருந்து எடுத்து, காற்றை அழுத்தி வெளியேற்றி, மறுபடி சுருட்டி வையுங்கள். இந்தத் தடவை இன்னும் வேகமாக எழும்பும், பக்கத்திலேயே நில்லுங்கள். ஒரு தடவைதான் இந்த மன்னிப்பு. இரண்டாவது தடவையும் தாண்டிவிட்டால் தட்டையாக விரித்து, பூண்டு வெண்ணெய் தடவிச் சுட்டுவிடுங்கள்.

நான் ரொம்ப நாள் கவனிக்காமல் விட்ட இடம் ஒன்று இருக்கிறது. ஓடிஜி சூடேற 10 முதல் 15 நிமிடம் ஆகும். மாவு டின் விளிம்பைத் தொட்டபின் ஓடிஜியைப் போட்டால், அந்தக் கால் மணி நேரம் மாவு சும்மா இருக்குமா? வெயில் காலத்தில் கால் மணி என்பது ஒரு விரற்கடை உயரம். மாவு விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே இருக்கும்போதே ஓடிஜியைப் போட்டுவிடுங்கள். சூடேறி முடியும்போது மாவும் விளிம்புக்கு வந்து நிற்கும்.

வெயிலில் மாவின் வேகத்தைக் குறைக்க:

- காய்ச்சி ஆறின பாலை ஃப்ரிட்ஜிலிருந்து நேராக ஊற்றிப் பிசையுங்கள். கஞ்சியும் முதல் நாள் ராத்திரியே காய்ச்சி ஃப்ரிட்ஜில் இருக்கட்டும்.
- ஈஸ்ட்டை 3 கிராமாகக் குறையுங்கள்.
- பிசைந்து முடித்த மாவில் சமையல் தெர்மாமீட்டரைக் குத்தினால் 27 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. 30 காட்டினால் பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுத் தொடருங்கள்.

இதெல்லாம் செய்தும் அமுங்கினால் டின் பெரிதா என்று பாருங்கள். தண்ணீர் ஊற்றி அளந்தால் தெரிந்துவிடும். இரண்டு லிட்டர் பிடிக்கும் டின்னில் இந்த மாவு விளிம்புவரை வரவேண்டும் என்று காத்திருந்தால் அது வருவதற்குள் சோர்ந்துபோகும்.

## பக்கவாட்டில் வெடித்துக் குடல் வெளியே வந்துவிட்டது

மேலே சொன்னதற்கு நேர் எதிர். மாவு போதிய அளவு எழும்பவில்லை, அவசரப்பட்டு உள்ளே வைத்துவிட்டீர்கள். அடுத்த தடவை விரல் சோதனையில் பாதிக் குழி நிற்கும்வரை பொறுங்கள். சுருட்டின மாவின் ஓரத்தைக் கிள்ளி ஒட்டி, ஒட்டின பக்கம் டின் அடியில் போகும்படி வைத்தீர்களா என்றும் பாருங்கள். அவ்வளவுதான். ருசியில் ஒரு குறையும் இருக்காது, வெடித்த பக்கத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிடலாம்.

## வெளியே எடுத்தபோது நன்றாக இருந்தது, ஆறினதும் இடுப்பு ஒடுங்கிவிட்டது

இரண்டு பக்கச் சுவரும் உள்வாங்கி, உடுக்கை மாதிரி ஆகிவிடும். மேல்தோலிலும் சுருக்கம் விழும்.

உள்ளே வேகவில்லை என்பதுதான் முதல் சந்தேகம். மேலே பொன்னிறமாகிவிட்டது என்பதால் வெந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பாலும் சர்க்கரையும் இருக்கிற மாவு 12, 15 நிமிடத்திலேயே நிறம் பிடித்துவிடும். அப்போது ஃபாயில் பேப்பரைக் கூடாரம் மாதிரி மேலே போட்டுவிட்டு முழு நேரமும் விடுங்கள். தெர்மாமீட்டரை நடுவில் குத்தினால் 90 டிகிரிக்கு மேல் காட்ட வேண்டும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் டின்னிலிருந்து கவிழ்த்து அடியைத் தட்டுங்கள், காலி டப்பா மாதிரிச் சத்தம் வரணும். தொம் என்று அமுங்கினால் டின் இல்லாமலே கம்பி வலைமேல் வைத்து இன்னும் ஐந்து நிமிடம்.

வெந்திருந்தும் ஒடுங்கினால், டின்னிலேயே ஆறவிட்டீர்களா? ஆவி போக வழியில்லாமல் சுவர் ஈரமாகி நொய்ந்துவிடும். எடுத்த உடனே டின்னை ஒரு சாண் உயரத்திலிருந்து மேடைமேல் ஒரு தடவை தொப்பென்று போடுங்கள். மாடி வீட்டுக்குக் கேட்கட்டும், பரவாயில்லை. உள்ளே அடைந்த சூட்டு ஆவி ஒரே அடியில் வெளியேறும். ஜப்பானில் பால் பிரெட் போடுகிறவர்கள் வழக்கமாகச் செய்கிற வேலை இது. ஐந்து நிமிடத்துக்குள் டின்னை விட்டு எடுத்துக் கம்பி வலைமேல் வையுங்கள்.

சூட்டோடு அறுத்தால் எந்த பிரெட்டும் களியாகத்தான் இருக்கும். ஒன்றரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும். என் வீட்டில் இந்த விதி ஒருநாளும் காப்பாற்றப்பட்டதில்லை, அதனால் ஒரு முனையை மட்டும் பலி கொடுத்துவிடுகிறேன்.

## மேலே கருகுகிறது, உள்ளே களி. அல்லது அடி வெள்ளையாகவே இருக்கிறது

இது அடுப்பு வழக்கு. பொறுமையாக, செலவில்லாததிலிருந்து செலவுள்ளதுக்குப் போவோம்.

குமிழ் எங்கே நிற்கிறது? ஓடிஜியில் மேல் ராடு மட்டும், கீழ் ராடு மட்டும், இரண்டும் என்று தேர்வு செய்கிற குமிழ் ஒன்று இருக்கும். பன்னீர் டிக்கா போட்டுவிட்டு மேல் ராடிலேயே விட்டுவிட்டு, மறுநாள் அப்படியே பிரெட்டை வைத்தவள் நான். அரை மணி நேரம் ஈஸ்ட்டைத் திட்டினேன். பிரெட்டுக்கு இரண்டு ராடும் எரிய வேண்டும்.

தட்டு எந்தப் படியில்? சின்ன ஓடிஜியில் பிரெட் எழும்பும்போது மேல் ராடு கிட்டத்தட்ட தலையைத் தொடும். கம்பி வலையைக் கடைசிப் படியில் வையுங்கள். டின்னின் உச்சிக்கும் ராடுக்கும் நாலு விரல் இடைவெளி இல்லையென்றால் ஃபாயிலைச் சீக்கிரமே போட்டுவிடுங்கள். விசிறி ஓடுகிற கன்வெக்‌ஷன் என்றால் 160, 165க்குக் குறையுங்கள்.

டின் எப்படிப்பட்டது? சிலிக்கான் அச்சில் அடியும் பக்கமும் வெளிறித்தான் வரும். பளபளக்கும் அலுமினியத்தைவிடக் கறுப்பு டின் வேகமாகச் சிவக்க வைக்கும்.

180 என்றால் நிஜமாகவே 180தானா? ஓடிஜி குமிழில் எழுதியிருப்பதற்கும் உள்ளே இருப்பதற்கும் 20, 30 டிகிரி வித்தியாசம் சாதாரணம். உள்ளே தொங்கவிடும் ஓவன் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாயில் கிடைக்கும். வாங்க மனமில்லாவிட்டால், கடை பிரெட் துண்டுகளை வலை முழுக்கப் பரப்பி, 180இல் சூடேற்றிய ஓடிஜியில் ஐந்தாறு நிமிடம் வைத்து எடுத்துப் பாருங்கள். எந்த மூலை கறுத்தது, எது வெள்ளையாக நிற்கிறது என்று வரைபடம் மாதிரித் தெரியும். என் ஓடிஜியில் வலது பின்மூலை கறுக்கும். பாதி நேரத்தில் டின்னைத் திருப்பி வைத்துவிடுகிறேன், பிரச்னை தீர்ந்தது.

சாயங்காலம் மட்டும் சொதப்புகிறதா? வோல்டேஜைப் பாருங்கள். 230 வரவேண்டிய இடத்தில் 180 வந்தால் ராடு தன் பலத்தில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் தரும். 10 நிமிடத்தில் சூடேறும் ஓடிஜி 20 நிமிடம் ஆகியும் டிக் என்று கட் ஆகவில்லை என்றால் சந்தேகப்படலாம். அக்கம்பக்கத்திலும் டியூப்லைட் திணறினால் மின்வாரியத்தில் புகார் கொடுங்கள். உங்கள் வீட்டில் மட்டும் என்றால் எலக்ட்ரீஷியன் வந்து வயரிங்கைப் பார்க்கட்டும். அதுவரை காலையில் சுடுங்கள்.

ராடு சிவக்கிறதா? அடுக்களை விளக்கை அணைத்துவிட்டு, வெறும் ஓடிஜியை 230 டிகிரியில் போட்டு ஐந்து நிமிடம் கழித்துக் கண்ணாடி வழியே பாருங்கள். எல்லா ராடும் மங்கலாகவாவது சிவக்க வேண்டும். ஒன்று மட்டும் கறுப்பாகவே நின்றால் அது போய்விட்டது. இங்கே நிறுத்திக்கொண்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ராடு மாற்றுவது அவருக்குச் சின்ன வேலை. யூடியூப் பார்த்துப் பின்மூடியைக் கழற்றுவது நமக்கு வேண்டாத வேலை. தெர்மோஸ்டாட் கட் ஆகாமல் சூடு ஏறிக்கொண்டே போனாலும் இதே பதில்தான்.

இன்னும் மூன்று விஷயங்களில் ஒரு நிமிடம் கூடத் தாமதிக்காதீர்கள். ஓடிஜி உடம்பைத் தொட்டால் சுரீர் என்கிறது, பிளக் தொட முடியாத அளவு சுடுகிறது, பிளாஸ்டிக் கருகும் வாசம் வருகிறது. ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். முதலில் அவர் பார்க்க வேண்டியது சுவர் சாக்கெட்டின் எர்த்தை, அதன் பிறகுதான் ஓடிஜி. 6 ஆம்பியர் சாக்கெட் தாங்குவது 1380 வாட். பெரிய ஓடிஜிகள் 1500, 2000 வாட் இழுக்கும். பிளக் பெரிதாக இருக்கிறது என்று கன்வர்ட்டர் பிளக் போட்டுச் சின்ன சாக்கெட்டில் மாட்டியிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அடுக்களையில் 16 ஆம்பியர் பாயிண்ட் இல்லையென்றால் போட்டுக்கொள்வதுதான் வழி.

## உள்ளே பெரிய ஓட்டை, சுருள் சுருளாகப் பிரிகிறது

சப்பாத்திக் கட்டையால் மாவைத் தேய்க்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். ஓரத்தில் எழும்பும் குமிழிகளை விரலால் குத்தி உடையுங்கள். தேய்க்கும்போது உலர்மாவு தூவினால் அந்த மாவுதான் சுருளுக்கு இடையில் சுவராக நின்று பிரிய வைக்கிறது. பலகையில் எண்ணெய் தொட்டுக்கொள்ளுங்கள். சுருட்டும்போது இறுக்கமாக, ஆனால் தோல் கிழியாமல்.

## அன்றைக்குப் பஞ்சு, மறுநாள் கட்டை

ஃப்ரிட்ஜில் வைத்தீர்களா? அதுதான். பிரெட் வேகமாக விறைக்கிற இடமே ஃப்ரிட்ஜ். வெளியில் காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு நாள், அதற்கு மேல் வேண்டுமென்றால் துண்டு போட்டு ஃப்ரீசரில். எடுத்து நேராகத் தோசைக்கல்லில் வாட்டலாம்.

ஃப்ரிட்ஜில் வைக்கவில்லை என்றால், பால் குறைந்ததா, பிசையும்போது மாவு தூவினீர்களா, 35 நிமிடத்துக்கு மேல் சுட்டீர்களா என்று பாருங்கள். ஓடிஜியின் நிஜச் சூடு 150இல் நின்று நீங்கள் 50 நிமிடம் விட்டிருந்தாலும் காய்ந்துபோகும். மேல்தோல் மட்டும் கெட்டியென்றால் எடுத்தவுடன் வெண்ணெய் தடவி, மெல்லிய வேட்டித் துணியால் மூடிவிடுங்கள். அரை மணியில் இளகிவிடும்.

## கள்ளு வாசம், அல்லது இரண்டாம் நாள் நூல் நூலாக இழுக்கிறது

சுட்ட அன்றே புளித்த வாசம் என்றால் மாவு அதிகம் பொங்கிவிட்டது, அல்லது ஈஸ்ட் கூடிவிட்டது. சாப்பிடலாம், ருசி கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

இன்னொன்றுக்குத்தான் எச்சரிக்கை. சுட்டபோது நன்றாக இருந்தது, ஒன்றிரண்டு நாளில் நடுவில் ஈரப்பதமாகப் பழுப்பேறி, அழுகல் அன்னாசி மாதிரி ஒரு தித்திப்பு நாற்றம். துண்டைப் பிட்டால் வெண்டைக்காய் மாதிரி மெல்லிய நூல் இழுக்கிறது. பூஞ்சணம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மாவிலேயே இருக்கும் ஒரு வகை பாக்டீரியாவின் வேலை இது. அதன் வித்துகள் ஓடிஜிச் சூட்டையும் தாங்கிவிடும், புழுக்கமான நாட்களில் முளைத்துக்கொள்ளும். நூல் இழுக்கிற பகுதியை மட்டும் வெட்டிவிட்டு மீதியைச் சாப்பிடுவது, ரஸ்க் போடுவது, மாட்டுக்கு வைப்பது எதுவும் வேண்டாம். கட்டிக் குப்பையில் போடுங்கள்.

போன செப்டம்பரில் என் வீட்டில் இரண்டு பிரெட் தொடர்ந்து இப்படிப் போயின. மூன்றாவதைச் சுடுவதற்கு முன் டின், பலகை, கட்டை, கத்தி, பிரெட் டப்பா எல்லாவற்றையும் கழுவி வினிகரில் துடைத்து வெயிலில் காயவைத்தேன். மிச்சமிருந்த மைதாவைப் பசை காய்ச்சக் கொடுத்துவிட்டு வேறு பாக்கெட் பிரித்தேன். மாவில் ஒரு டீஸ்பூன் வினிகர் சேர்த்தேன், பிரெட்டில் அது தெரியவில்லை. முழுக்க ஆறும்வரை டப்பாவில் போடவில்லை. அப்புறம் வரவில்லை. மழைக்காலம் முழுக்க அந்த ஒரு டீஸ்பூன் வினிகரை விடாமல் போடுகிறேன்.